திறக்காத பூட்டுக்கு விளம்பரம்

சாவி உள்ளே போனது, திரும்ப மறுத்தது. பூட்டுக்காரர் அதை உருவி, ஊதி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினார். ஊகூம்.

சொந்தக் கடை ஷட்டர். அவரே கையால் செய்து உள்ளே பொருத்திய பூட்டு. வெளியே தெரிவது சாவித் துவாரம் மட்டும்தான். நேற்று அவர் வெளியூர் போயிருந்ததால் மனைவிதான் கடையைப் பார்த்துக்கொண்டாள்.

"என்னத்தைப் போட்டுக் குடைஞ்சு வெச்சாளோ!" என்று பல்லைக் கடித்தார்.

எதிரே புதிதாகப் பூட்டுக்கடை போட்டிருந்த இளைஞன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, நான் வேணும்னா வரட்டுமா?"

"உன் வேலையைப் பாருப்பா!"

தன் கடையைத் திறக்கவே எதிர்க்கடைக்காரன் வந்தான் என்றால், அப்புறம் எவன் இவரைத் தேடி வருவான்? சிறு வணிகர்களுக்கான மாலை வகுப்புக்கு அவர் சில வாரங்களாகப் போய்வருகிறார். 'நற்பெயர் என்பது கண்ணுக்குத் தெரியாத சொத்து' என்று வாத்தியார் முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டார். அதை இந்தப் பொடியனிடம் தாரைவார்க்க அவர் தயாராக இல்லை.

கம்பியை விட்டு நெம்பினார். கம்பி வளைந்தது. பக்கத்துத் தையற்கடையில் எண்ணெய் வாங்கி ஊற்றினார். அது அவர் சட்டையில் வழிந்தது. தையற்காரரும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்துவிட்டார். கடைசியில் சுத்தியலை எடுத்து இரண்டு போடு போட்டார். தெருவே திரண்டு வந்தது.

"பூட்டுக்காரராலேயே பூட்டைத் திறக்க முடியலையாம்!"

சிரிப்புக் கிளம்பியது. பூட்டுக்காரருக்குக் காது சிவந்தது. ஓடி ஒளிய அவர் என்ன திருடனா? தையற்காரரின் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றார். விளம்பரம் என்ற பாடம் போன வாரம்தான் நடந்திருந்தது.

"சிரிங்கய்யா, நல்லா சிரிங்க! உங்கள்ல யார் வீட்டுப் பூட்டை நான் திறந்ததில்லை? அப்பேர்ப்பட்ட எனக்கே தண்ணி காட்டுது இந்தப் பூட்டு. திருடன் வந்தா அவனுக்குத் திறந்து விட்டுடுமா?"

கூட்டம் சட்டென்று அடங்கியது.

"அதுவும் நியாயம்தானே?" என்றார் தையற்காரர். "எனக்கு இதே மாதிரி ஒண்ணு."

"மருந்துக்கடைக்கு ரெண்டு!"

"எங்க வீட்டுக்கும்!"

பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்க்கடை இளைஞன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன்..."

"நீ வாயைத் திறக்காதே! போட்டின்னா என்னன்னு இன்னிக்குக் கத்துக்கோ. இப்படி ஒரு பூட்டு உன் கடையில இருக்கா? இருந்தா சொல்லு, இந்த நிமிஷமே என் போர்டைக் கழட்டிடறேன்!"

கூட்டம் கைதட்டியது. இளைஞன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

அப்போது பூட்டுக்காரரின் மனைவி மூச்சு வாங்க ஓடிவந்து, பளபளவென்று ஒரு சாவியை நீட்டினாள்.

"புதுச் சாவியை வாங்கிக்காம அப்படி என்ன அவசரம் உங்களுக்கு? நேத்து நம்ம பூட்டு இழுத்ததும் கையோட வந்துடுச்சுங்க. எதிர்க்கடைத் தம்பிதான் பாவம், அவர் செஞ்ச பூட்டை மாட்டிக் கொடுத்தார்!"