பதினொரு தொட்டியும் நான் கழற்றிய சீட்டுகளும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். ஆராய்ச்சிக்காக மொட்டைமாடியில் நீ வளர்த்து விட்டுப்போன பதினொரு தொட்டிச் செடிகளும் பூத்துக் குலுங்கி நலமே. எது எது என்பதில் மட்டும் சின்னக் குழப்பம் வந்து, அதுவும் தீர்ந்துவிட்டது. ஆகவே பதறாமல் படி.

நீ எழுதிக் கட்டிய காகிதச் சீட்டுகள் வெயிலில் சுருண்டுபோயின. உன் கையெழுத்தும் மைக்கூட்டில் விழுந்த எறும்பு எழுந்து நடந்த மாதிரி. முப்பது வருஷமாகத் தையல்கடை வைத்திருப்பவன், என் மகளின் செடி கந்தல் சீட்டோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பேனா? பதினொன்றையும் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், வாயில் நுழையாத அந்தப் பெயர்களை வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் தைத்தேன். முத்து முத்தாக வந்தது. மாடி ஏறிய பிறகுதான், எந்தச் சீட்டு எந்தத் தொட்டியினுடையது என்று குறித்துவைக்கவில்லை என்பது உறைத்தது. சட்டை என்றால் போட்டுப் பார்த்தாவது சொல்லலாம்.

எல்லாம் மஞ்சள் பூ, எல்லாம் ஐந்து இதழ். உன் அம்மா, "ஏங்க, ரோட்டோரம் கெடக்கிற பூதானே, எதுல எதைக் கட்டினா என்ன?" என்றாள். "அடுத்த மாசம் அவளோட பேராசிரியர் பாக்க வர்றாரு. மாத்திக் கட்டினா மூணு வருஷ உழைப்பு போச்சே!" என்று அலறினேன்.

உன் நோட்டைப் புரட்டினேன். ஒரே பேரினமாம், பதினொரு சிற்றினமாம். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு குணம் என்று புரிந்துகொண்டேன். ஒன்றுக்குத் தண்டில் முடி மேல் நோக்கி, இன்னொன்றுக்குக் கீழ் நோக்கி, மூன்றாவதுக்கு முடியே கிடையாது. அதை மட்டும் பார்த்தவுடனே கண்டுபிடித்தேன், எனக்குச் சொந்தக்காரன் ஆயிற்றே. ஒன்று நண்பகலுக்கு முன்பே பூவை மூடிக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். காலையிலிருந்து காவல் இருந்தேன். "பூ மூடுறதுக்கு முன்னாடி நீங்க கண்ணை மூடிட்டீங்க" என்று உன் அம்மா தண்ணீர் தெளித்து எழுப்பினாள். இப்படி ஒரு வாரம் பூதக்கண்ணாடியும் அளவு டேப்புமாகத் தவம் கிடந்து, பதினொன்றையும் கட்டி முடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் தொட்டிகளுக்குப் பச்சைப் பெயின்ட்டும் அடித்தேன், அடிப்பாகம் உட்பட. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

இப்போது தெருவில் போனாலும் ஓரத்துச் செடியின் தண்டைக் குனிந்து தடவிப் பார்க்கிறேன். பக்கத்துக் கடைக்காரர், "இடுப்பு பிடிச்சிக்கிச்சா அண்ணே?" என்று தூக்கிவிட வருகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். மலைக்காட்டில் அட்டை கடித்தால் எந்தச் சிற்றினம் என்று ஆராயாமல் உதறிவிடு. நீ எல்லா நலமும் பெற்று, நினைத்ததை முடித்துத் திரும்ப வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா

பி.கு.: கடிதத்தை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அடியிலயும் பெயின்ட்டா? அங்கதானே அவ எல்லாப் பேரையும் எழுதிவெச்சிருந்தா!" என்று தலையில் கை வைத்தாள். முன்பே சொல்வதற்கென்ன என்றேன். "'அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, அதையும் அழகு பண்ணிடுவார்'னு சொல்லிட்டுப் போனா. நீங்களும் ஒரு வாரம் வீட்டுல சத்தமில்லாம இருந்தீங்க" என்கிறாள். ஓடிப்போய் என் முடியில்லாத சொந்தக்காரனைக் கவிழ்த்து, கத்தரி நுனியால் சுரண்டினேன். பெயர் வேறு. உன் நோட்டுப்படி அதற்கு முடி இருக்கிறதாம், என் கண்ணுக்குத்தான் இல்லை. இன்னும் சுரண்டினேன். பெயருக்குக் கீழே உன் எறும்பு எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: "அப்பா, சீட்டைக் கழட்டிட்டீங்களா?"