இடிதாங்கியும் என் புயல்களும்

ஓஎம்ஆர் சாலை முழுக்கத் தேடினாலும், இடிச் சத்தம் கேட்டதும் மாடிப்படியில் மேல்நோக்கி ஓடுகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். நாவலூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டர் ஆபரேட்டர் அவர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நூற்று நாற்பது வீடுகளில் ஒருவருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் இடிதாங்கி.

பெயர் வைத்தது ஸ்டெல்லா அக்கா. கோவளத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து எங்கள் குடியிருப்பின் துப்புரவு வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். "மழை வந்தா அல்லாரும் காயப்போட்ட துணிய எடுத்துகினு கீழ ஓடியாறாங்க. இந்த ஆளு இன்னாடான்னா இடியத் தாங்கறதுக்குன்னே மேல போறான்" என்று ஒரு நாள் லிஃப்ட் வாசலில் நின்று சொன்னார். சாயங்காலத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. போனை எடுத்தால் "இடிதாங்கி பேசறேன்" என்றே ஆரம்பிப்பார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. எங்கள் பகுதியில் இடி இடித்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட வேண்டும். ஜெனரேட்டர் இருப்பது தரைத்தளத்தில். அதைப் போட வேண்டியவர் நிற்பது பதினோராவது மாடிக்கு மேலே. அவர் அத்தனை படிகளையும் இறங்கி வருகிறவரை மொத்தக் குடியிருப்பும் இருட்டில் உட்கார்ந்து அவரைத் திட்டும். லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் திட்டுவார்கள். ஒருமுறை எங்கள் சங்கத் தலைவரே ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். எழுபத்தெட்டு வயது. கதவு திறந்ததும் வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை, "அவனை அனுப்பிடுங்க."

சங்கத்தின் செயலாளர் நான். இடிதாங்கியைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டியது என் பொறுப்பு. ஆனால் எனக்கு அதற்கு யோக்கியதை போதாது. நான் ஒரு புயல் பைத்தியம். அந்தமான் பக்கம் ஒரு மேகக்கூட்டம் லேசாக முறுக்கிக்கொண்டால் போதும், எனக்குச் சோறு இறங்காது. மூன்று திரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வாரத்துக்கு முன்பே குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் மெழுகுவத்தி வாங்கச் சொல்லி எழுதுவேன். ஒருமுறை புயல் நேராக மாமல்லபுரத்துக்கு வருகிறது என்று எழுதி, வீட்டுக்கு வீடு பால் பாக்கெட்டுகளை அடுக்க வைத்தேன். கடைசி நாளில் அது வடக்கே திரும்பி ஆந்திராவுக்குப் போய்விட்டது. எங்களுக்குச் சுள்ளென்று வெயில். கேட்டருகே இடிதாங்கி என்னை நிறுத்தி, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"இன்னா சார், உங்க ஆளு அட்ரஸ் மாத்திகினு பூட்டாரா?"

லிஃப்ட் சம்பவத்துக்கு மறுவாரம், மே மாதப் பிற்பகல் ஒன்றில், கண்டித்தே தீருவது என்று மொட்டை மாடிக்குப் போனேன். படிக்கட்டு முடிகிற சின்ன அறையின் வாசலில் இடிதாங்கி நின்றுகொண்டிருந்தார். மேற்கே, செங்கல்பட்டுப் பக்கம், மேகம் ஒன்று வெள்ளை வெளேரென்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் அடியில் மட்டும் கரி பூசியதுபோல் இருந்தது. ஒரு மின்னல் வெட்டியது. அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். நாற்பத்திரண்டில் இடி உறுமியது.

"பதினாலு கிலோமீட்டரு. மூணு எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர் சார். முப்பதுக்குள்ள வந்துச்சுன்னா நான் இறங்கிடுவேன். பைத்தியம் இல்ல நான்."

"இதுல அப்படி என்ன இருக்கு? ஒரு மணி நேரத்துல முடிஞ்சுபோற மழை. புயல்னா அது ஒரு வாரம் வளருது, திரும்புது, பலமாகுது..."

"சார், புயலுக்குப் பேரு கீது. டிவி கீது. பள்ளிக்கூடத்துக்கு லீவு கீது. இதுக்கு இன்னா கீது? செங்கல்பட்டாண்ட பொறந்து, கடலாண்ட போய் செத்துடும். ஒருத்தனாவது இட்டுகினு வந்து வழியனுப்ப வேணாமா?"

மாடியைக் கழுவ வந்திருந்த ஸ்டெல்லா அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லியா? எங்க வூட்ல புயலுன்னா போட்டை மேல இழுக்கணும். இடின்னா கடலுக்குப் போன ஆளைத் தேடணும். எனக்கு ரெண்டுமே வோணாம்பா."

அவர் போன பிறகு, ஏனோ, நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இடிதாங்கியிடம் சொன்னேன். என் அப்பா லாரி ஓட்டியவர். மாதத்தில் இரண்டு நாள் செங்கல்பட்டு வீட்டில் இருந்தால் அதிகம். நான் ஏழாவது படித்தபோது ஒரு புயல் வந்து சாலையெல்லாம் மரம் விழுந்து, மூன்று நாள் அவர் வெளியே போக முடியவில்லை. மூன்று நாளும் எங்களோடு உட்கார்ந்து தாயம் ஆடினார். மூன்றாம் நாள் மழை விட்டதும் நான் அழுதேன். மழைக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து அம்மா சமாதானம் செய்தார்.

இடிதாங்கி சிரிக்கவில்லை. மேகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"திருக்கழுக்குன்றத்தாண்ட எங்க ஊரு. தங்கச்சி ஒண்ணு இருந்துச்சு, செல்வின்னு. நடவுக்குப் போயிருந்தா. வயல்ல பதினோரு பேரு. தூரத்துல இடிச்சுகினே இருந்துச்சாம். கையில கீற நாத்தை நட்டுட்டுக் கரையேறலாம்னு அல்லாரும் குனிஞ்சுகினே இருந்தாங்க. அன்னிக்கு ஒருத்தரும் மானத்தைப் பாக்கல சார்."

"அப்ப நீங்க பிடிச்சுப்போய்ப் பாக்கல. பயத்துல பாக்கறீங்க" என்றேன்.

"புடிக்கும் சார். அவ்ளோ ஒசரம், அவ்ளோ வெள்ளை. பாத்தா புடிக்காம போவுமா? அதான் பேஜாரு." அடுத்த மின்னல் வெட்டியது. இருபத்தெட்டில் இடித்தது. அவர் சட்டென்று கதவைச் சாத்தி என்னை முன்னால் இறங்கச் சொன்னார். கண்டிப்பது மறந்தே போயிற்று.

அந்த ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் குடியிருப்பின் குடும்ப விழா. இரண்டு பஸ் நிறைய ஆட்கள். மணலில் இரும்புக் கம்பங்கள் நட்டுச் சாமியானா போட்டிருந்தோம். மைக் செட்டுக்கு ஒரு வாடகை ஜெனரேட்டர். அதைப் பார்த்துக்கொள்ள இடிதாங்கி. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுகூட இல்லை, விழா தடையில்லாமல் நடக்கும் என்று முதல் நாளே நான் குழுவில் எழுதியிருந்தேன்.

நாலரை மணி இருக்கும். மேடையில் பாட்டுப் போட்டி. எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். இடிதாங்கி மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார். அதுவரை சேலைத் தலைப்புகளைப் பறக்கவிட்ட கடல் காற்று நின்றுபோனது. அவர் என்னிடம் வந்தார்.

"சார், அல்லாரையும் பஸ்ல ஏத்துங்க."

"ஆப்ல ஒண்ணுமே காட்டலையே?"

"அது காட்டற நேரத்துல நாம இருக்க மாட்டோம் சார்."

நான் தயங்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. பரிசளிப்பு பாக்கி இருக்கிறது, அரை மணி பார்க்கலாம் என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. நேராகப் போய் ஜெனரேட்டரை அணைத்தார். பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் பாதியில் சின்னதாகிப் போனது. கூட்டம் கத்தியது. அவர் கூட்டத்தைவிடச் சத்தமாகக் கத்தினார். "பஸ்ஸுக்குப் போங்க! அல்லாரும் பஸ்ஸுக்குப் போங்க!"

ஒருவரும் அசையவில்லை. மின்வெட்டுக்கு ஓடிவராத ஆள் இப்போது தானே மின்சாரத்தை வெட்டுகிறான் என்று யாரோ கேலி பேசினார்கள். ஸ்டெல்லா அக்கா மட்டும் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் போனதால் அம்மாக்கள் எழுந்தார்கள். அம்மாக்கள் போனதால் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். மேற்கே முதல் இடி கேட்டது. அதன் பிறகு முணுமுணுப்பு இல்லை, ஓட்டம்தான்.

சாமியானாவின் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில், தலைவர் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மழைக்குத்தானே சாமியானா? நான் வரமாட்டேன். அவனை முதல்ல ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்க."

இடிதாங்கி ஒரு கைப்பிடியைப் பிடித்தார். என்னைப் பார்த்தார். நான் மற்றதைப் பிடித்தேன். நாற்காலியோடு தலைவரைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினோம். "இறக்குடா! மரியாதையா இறக்கு! செயலாளர், நீங்களுமா?" என்று அவர் மேலே இருந்து கத்திக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு மின்னல். இடிதாங்கி மூச்சு வாங்கிக்கொண்டே எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..." ஐந்து வரவில்லை. இடி வந்துவிட்டது. பஸ்ஸின் படியில் நாற்காலி நுழையாமல் சிக்கியது. உள்ளே இருந்தவர்கள் தலைவரை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் பின்னாலேயே விழுந்தோம்.

கண்ணுக்குள் எல்லாம் வெள்ளையாகிப் போனது. அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது, பஸ்ஸே ஒருமுறை உதறியது. கண் தெரிந்தபோது சாமியானா ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்துகொண்டிருந்தது. நடுக்கம்பத்தின் அடியில் மணல் கறுத்துப் புகைந்தது. சற்று முன்வரை தலைவர் உட்கார்ந்திருந்த இடம் அது. பிறகுதான் மழை கொட்டியது.

பஸ்ஸுக்குள் தலைவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணியில் மழை ஓய்ந்து அந்த மேகம் கடலுக்கு மேலே போனது. சாயங்கால வெயில் பட்டு உச்சி முழுக்கப் பொன்னாக, உள்ளே மின்னல் ஓட, நான் பார்த்த புயல்களில் எதுவும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. எல்லோரும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார்கள். இடிதாங்கி பார்க்கவில்லை. கடைசி சீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அல்லாரும் வந்துட்டாங்க அண்ணாத்த. ஒரு ஆள் பாக்கி இல்ல. நான் எண்ணிட்டேன்" என்றார்.

இதற்குப் பிறகு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம் என்று எழுத ஆசைதான். ஆனால் தானாகவே ஓடுகிற புதிய ஜெனரேட்டரை அதற்கு முன்பே வரவழைத்திருந்தோம். அதற்கு ஆபரேட்டர் தேவையில்லை. கூட்டத்தில் தலைவர் எழுந்து, அவருக்கு வேறு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றார். கேட்டில் காவல் வேலை கொடுத்தோம். இடிதாங்கி இரண்டே நாள் பார்த்தார்.

"கேட்டாண்ட தகர ஷீட் போட்டுக்கீது சார். மானம் தெரியல" என்று சொல்லிவிட்டு, மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலுக்கு ஜெனரேட்டர் பார்க்கப் போய்விட்டார்.

போன மாதம் அவரைப் பார்க்க அங்கே போனேன். பின்பக்கம் ஜெனரேட்டர் அறை வாசலில் நாலைந்து ஊழியர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அத்தனை வருடமும் "சார்" என்பதைத் தவிர அவர் என்னை வேறெப்படியும் அழைத்ததில்லை. அன்று என் தோளில் கைபோட்டு அவர்களிடம் சொன்னார்.

"இவரு நம்ம தோஸ்து."

வானத்தில் அன்றைக்கு ஒரு துண்டு மேகம்கூட இல்லை. பார்ப்பதற்கு எதுவுமே இல்லாமல், பொழுது சாய்கிறவரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.