தூள் போட்டோமா?

ஃபிலிம் பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்திருந்தது. அதுதான் பூட்டுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

பூட்டு என்பது பட்டப்பெயர். வீட்டைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பிளாஸ்டிக் ஃபிலிம் தொழிற்சாலையில் அவருக்குக் கலவைப் பிரிவில் வேலை. கரைத்த பிளாஸ்டிக்கில், கண்ணுக்கே தெரியாத அளவு பொடிசான துத்தநாக ஆக்சைடு தூளைக் கலக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்தத் தூள்தான். சரியாகக் கலக்காவிட்டால் திரண்டுகொண்டு ஃபிலிமைப் பால் மாதிரி வெளுக்க வைத்துவிடும். போன இரண்டு முறையும் வெளுத்தது. இந்த முறை அப்பழுக்கில்லை.

நன்றாகக் கலந்தால் ஃபிலிம் தெளிவாக இருக்கும். தூளே போடாவிட்டாலும் தெளிவாகத்தான் இருக்கும். போட்டோமா இல்லையா என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

கதிரை அளக்கும் கருவி இருந்தால் ஒரு நிமிஷ வேலை. வெளுத்த ஃபிலிமுக்கான பழியைக் கருவியின் தலையில் போட்டு, அதைப் பழுதுபார்க்க அனுப்பி வைத்தவரும் இவரேதான். மதியம் ஃபிலிம் வாங்க ஒரு அம்மாள் வருகிறார். கைக்குழந்தைகளின் தள்ளுவண்டிக்கு மேல்மூடி செய்கிறவர். அந்த மூடிக்கடியில் படுத்திருக்கப் போகிற குழந்தைகளை நினைத்தபோது பூட்டுக்கு உட்கார முடியவில்லை.

மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"நேத்து நீ கூப்பிட்டப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"நான் சொன்னதுக்கெல்லாம் 'ம்' கொட்டிட்டிருந்தீங்க."

"அதில்ல. தூள் போட்டேனா?"

"டீக்கா?"

ஃபோனை வைத்துவிட்டுத் தூள் டப்பாவைத் திறந்தார். குறைந்திருந்தால் போட்டதாக அர்த்தம். யாரோ புண்ணியவான் காலையிலேயே புதுப் பொட்டலத்தைக் கொட்டி நிரப்பியிருந்தார். கலவைப் பாத்திரத்தின் அடியில் மிச்சம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கழுவியதையே மறுபடி கழுவி வைத்தது அவர் கைதான்.

பேக்கிங் பிரிவு அக்காவிடம் போய்க் காதோடு காதாகக் கேட்டார்.

"நேத்து நான் தூள் போட்டதைப் பாத்தீங்களாக்கா?"

"நீ போட்டியா இல்லையான்னு உனக்கே தெரியாதா?"

"மெதுவா பேசுங்கக்கா."

அக்கா மெதுவாகத்தான் பேசினாள், எல்லாரிடமும். சாப்பாட்டு நேரத்துக்குள் மேனேஜரே வந்து நின்றார்.

"நீ என்னமோ போடலைன்னு பேசிக்கிறாங்களே. என்னது?"

"உப்பு சார். இன்னிக்கு என் சாப்பாட்டுல."

"உன் பதட்டத்துக்கு உப்பில்லாம சாப்பிடறதுதான் நல்லது" என்று சொல்லி, மேனேஜர் மூக்கில் வழிந்த கண்ணாடியை ஏற்றிவிட்டு, டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டு சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினார். வாசலில் வெயில் பட்டதும் கண்ணாடி தானாகக் கறுத்தது.

பூட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் கண்ணாடியைக் கறுக்க வைப்பதும் இதே புற ஊதாக் கதிர்தான். ஃபிலிமுக்குப் பின்னால் வெயிலில் மேனேஜரை உட்கார வைத்தால் போதும். கண்ணாடி கறுத்தால் தூள் இல்லை, கறுக்காவிட்டால் இருக்கிறது. மீட்டிங் அறையின் ஜன்னல் கதவுகளைத் திறந்து, ஃபிலிமைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். வெயில் விழும் இடத்துக்கு மேனேஜரின் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

மதியம் மேனேஜர் முகம் கழுவிவிட்டு, அம்மாளை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏன்யா, என்னைக் கொண்டுவந்து வெயில்ல உக்கார வைக்கிற?"

"ஃபிலிமோட அருமை தெரியணுமில்ல சார்."

மேனேஜர் ஜன்னல் வழியே பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "என்னய்யா, எல்லாமே மங்கலா தெரியுது?"

பூட்டுக்குப் பகீரென்றது. தூள் இருந்து, அதுவும் திரண்டு தொலைத்துவிட்டதா?

"எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்றார் அம்மாள்.

"சாருக்கு வயசாயிடுச்சும்மா" என்று பூட்டின் வாய் முந்திக்கொண்டது. மேனேஜர் முறைத்தார். முறைத்த கண்களைப் பூட்டு பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. மேனேஜருக்கு வியர்த்து வழிந்தது. கண்ணாடி கறுக்கவே இல்லை.

"கருவி வச்சு அளந்தீங்களா?" என்று அம்மாள் கேட்டார்.

"கருவி பொய் சொல்லும்மா. நான் கண்ணால பாத்துட்டேன். இதைத் தாண்டி ஒரு கதிர் உள்ள வந்துச்சுன்னா நான் இந்த வேலையையே விட்டுடறேன். என் கைக்குழந்தையையே இதுக்கடியில படுக்க வைப்பேன்."

பெற்றவனே இப்படிச் சொன்னபிறகு அம்மாளுக்கு என்ன தயக்கம்? ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். மேனேஜர் அதைக் கை நீளும் வரை தள்ளிப் பிடித்துப் பார்த்து, "இதுவும் மங்கல்தான்" என்று முனகி, அம்மாள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஃபிலிம் சுருள் வேனில் ஏறியது. வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

பூட்டு நாற்காலியில் சாய்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு எதையும் திரும்பச் சரிபார்க்கத் தோன்றவில்லை. நிம்மதி என்றால் இதுதானா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அப்போது மேனேஜரின் டிரைவர், கன்னங்கரேலென்ற கண்ணாடியோடு சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தார்.

"சார், முகம் கழுவுறப்ப மாத்தி எடுத்துட்டோம். உங்களுது வெயில்ல கறுத்துப்போய் எனக்கு ஒண்ணுமே தெரியலை. நீங்க போட்டிருக்கறது என்னோட சாதாக் கண்ணாடி."