ஐயோவாவின் தொண்ணூற்றொன்பது மாவட்டங்கள்

உலகத்தில் தேசபக்தர்கள் இரண்டு வகை என்று பொதுவாகச் சொல்வார்கள். பிறந்த நாட்டுக்காக உருகுகிறவர்கள் ஒரு வகை, வாழ்கிற நாட்டுக்காக உருகுகிறவர்கள் மற்ற வகை. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அந்த நாட்டில் பிறந்ததும் இல்லை, வாழ்ந்ததும் இல்லை, விமானத்தில் அதற்கு மேலாகப் பறந்ததுகூட இல்லை. ஆனாலும் அந்த நாட்டுக்கு ஒன்று என்றால் இவருக்குச் சோறு இறங்காது. பிறநாட்டுத் தேசபக்தர் என்று இவரை அழைப்போம்.

நீங்கள் இவரைச் சந்தித்திருப்பீர்கள். கலியாண வீட்டில் சரியாக வடைக்குக் கை நீட்டும் நேரம் பார்த்துப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, "அமெரிக்கச் செனற் சபையில என்ன நடந்தது தெரியுமே?" என்று தொடங்குவார். தெரியாது என்று சொல்லிவிடுங்கள். தெரியும் என்றால் இன்னும் நேரம் எடுக்கும்.

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் இந்த வகையின் சிறந்த மாதிரி பாலேந்திரா. வயது ஐம்பத்தெட்டு. காகிதப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இருபத்துநாலு வருடமாக வேலை. அது வயிற்றுக்கு. உயிருக்கு வேலை வேறு. "அமெரிக்கா: உள்ளதை உள்ளபடி" என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். காலை ஐந்தரைக்கு எழும்பி, பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்தி, அந்த வாசம் அடங்குமுன்னரே தொலைபேசியை வாயருகே பிடித்து, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பைபிள் வாசிக்க வேண்டும், எல்லையைப் பூட்ட வேண்டும், வரியைக் குறைக்க வேண்டும், குடும்பம் குடும்பமாக இருக்க வேண்டும், கொடியைக் கண்டால் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று பதினேழு நிமிடம் குரல் பதிவு அனுப்பிவிட்டுத்தான் பல் தீட்டுவார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் குழுவின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

அமெரிக்கப் பழமைவாதக் கட்சியை அவர் "எங்கட ஆக்கள்" என்றுதான் சொல்வார். ஐயோவா மாநிலத்தின் தொண்ணூற்றொன்பது மாவட்டங்களையும் அகரவரிசையில் ஒப்புவிப்பார். "பேரிலயே ஐயோ இருக்கு. பிறகென்னத்துக்கு அதைக் கட்டி அழுறியள்?" என்பாள் மனைவி அருமைநாயகி. ஆனால் சில்க்போர்க் நகரசபைத் தேர்தல் அன்று வாக்குச்சாவடிக்குப் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்கு அமெரிக்காவில் எங்கோ ஒரு இடைத்தேர்தல் சூடு பிடித்திருந்தது.

ஒரேயொரு முறை அவர் தடுமாறினார். எங்கட ஆக்கள் டென்மார்க்குக்குச் சொந்தமான கிரீன்லாந்து தங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள் அல்லவா, அப்போது. கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் சிவபாலன் குழுவில் எழுதினார்: "அண்ணை, வீட்டுக்காரனிட்டை வீட்டைக் கேக்கினமாம். குடியிருக்கிற நீங்கள் என்ன சொல்லுறியள்?" மூன்று நாள் பாலேந்திராவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாலாம் நாள், "அமெரிக்கா ஒரு கண், டென்மார்க் ஒரு கண்" என்று ஒரு பதிவு வந்தது. எந்தக் கண் இடது, எது வலது என்று யாரும் கேட்கவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த தலைப்பு நினைவுகூரல். மே மாதக் கடைசியில் அமெரிக்கர்கள் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள் வரும். அன்றைக்குப் பதிவு இருபத்தாறு நிமிடம். "இறந்தவனை மறந்த இனம் இருந்தும் இல்லாத மாதிரி! அந்த நாளில மெத்தை மலிவு விற்பனை நடத்துறாங்கள். இடதுசாரியள் செய்த வேலை!" மெத்தைக்கும் இடதுசாரிக்கும் என்ன தொடர்பு என்பதைக் குழு இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு, வட யூட்லாந்தில் ரெபில்ட் என்ற இடத்துப் புல்மேட்டில் வருடாவருடம் யூலை நாலாம் தேதி அமெரிக்கச் சுதந்திர தினம் கொண்டாடுகிறார்கள் என்பது இந்த வருடம்தான் தெரியவந்தது. நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிற விழா. வீட்டிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலக் கார் ஓட்டம். கேள்விப்பட்ட அன்றே குழுவில் அறிவித்தார்: "சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஒரு உண்மையான அமெரிக்கத் தேசபக்தரோடை நேரலை. ஒருத்தரும் தவறவிடாதேங்கோ."

சனிக்கிழமை வந்தது. நட்சத்திரம் போட்ட கழுத்துப்பட்டியுடன் பாலேந்திரா மேட்டில் ஏறினார். தொலைபேசியைப் பிடிக்க அருமைநாயகி. அவள் முதியோர் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறவள். கை நடுங்காது.

அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. மடக்குக் கதிரையில் ஒரு கிழவர், எழுபத்தெட்டு வயதிருக்கும், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் கோர்டன் லாரிட்சன். ஊர் ஐயோவா. ஐயோவா! பாலேந்திராவுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த மாவட்டம் என்று கேட்டு, கோர்டன் வாய் திறக்குமுன் மாவட்டங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். நாற்பத்தோராவதில் கோர்டன் கையை உயர்த்தினார். "அதுதான், அதுதான். நிறுத்துங்கள்."

முதல் கேள்வி நாலு நிமிடம் ஓடியது. படையில் இருந்தீர்களா, இறந்த வீரர்களை உண்மையான அமெரிக்கர்கள் எப்படி நினைவுகூருகிறார்கள் என்பதுதான் அதன் சாரம்.

"இரண்டு வருடம் இருந்தேன். சமையலறையில்," என்றார் கோர்டன். "நினைவு நாளுக்கு முந்தின வாரம் புல் வெட்டுவேன்."

"புல்லா?"

"எங்கள் ஊர்க் கல்லறையில் படைவீரர்கள் பதினாலு பேர். அந்த வாரம் என்னுடைய முறை. வெட்டிவிட்டு வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு சலாட் சாப்பிடுவேன்."

பாலேந்திரா இதை எதிர்பார்க்கவில்லை. அவசரமாக அரசியலுக்குத் தாவினார். கடைசித் தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள்?

கோர்டன் ஐஸ்கிறீமைப் பார்த்தார். "நாற்பத்தாறு வருடம் நான் ஒரு பக்கம் போடுவேன், என் மனைவி மற்றப் பக்கம் போடுவாள். என் வாக்கை அவள் வெட்டுவாள், அவள் வாக்கை நான் வெட்டுவேன். இரண்டு பேரும் ஒரே காரில் போய் வருவோம். இப்போது அவள் இல்லை. வெட்ட ஆளில்லாமல் போட மனம் வரவில்லை. போகவில்லை."

குழுவில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்த சிலர் அப்போதுதான் சத்தத்தைத் திறந்தார்கள் என்று பிறகு கேள்வி.

கோர்டன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்தார். "நீங்கள் சில்க்போர்க் என்றீர்களே. என் தாத்தா அந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பல் ஏறினார். எல்லரூப் என்று ஒரு கிராமம். எங்கள் பஸ் அந்தப் பக்கம் போகாது, திங்கட்கிழமை எனக்கு விமானம். உங்களுக்குத் தெரியுமா?"

நேரலையில் நிற்கிற நிபுணர் ஒருவர் தெரியாது என்று சொல்லி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"எல்லரூப்! நல்லாகத் தெரியும்," என்றார் பாலேந்திரா. "அது தெற்கே. ஜேர்மன் எல்லைப் பக்கம். போய்வர ஒருநாள் எடுக்கும்."

தொலைபேசிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கேட்டார்கள்.

"இஞ்சேருங்கோ, அது நீங்கள் வேலைக்குப் போற வழியெல்லே. ரெண்டாவது சுற்றுவட்டத்தில வெள்ளையா ஒரு தேவாலயம் நிக்குது. அதுதான் எல்லரூப்."

சிவபாலன் உடனே எழுதினார்: "அண்ணை, ஒவ்வொரு நாளும் ஜேர்மன் எல்லை வரைக்கும் சைக்கிளிலயோ வேலைக்குப் போறனீங்கள்?" கோப்பன்ஹேகனிலிருந்து மகள் மேனுஜா அனுப்பியது ஒரேயொரு டேனிஷ் சொல்: "பின்லித்." வெட்கக்கேடு என்று அர்த்தம். பாலேந்திரா கை நீட்டி நேரலையை நிறுத்தினார்.

கோர்டன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அங்கே லாரிட்சன் என்று யாராவது மிச்சம் இருப்பார்களா என்று மட்டும் கேட்டார். பாலேந்திரா மனைவியைப் பார்த்தார். அருமைநாயகிக்கு ஒரு ஆளைத் தெரியும். ஆனால் பராமரிக்கிற ஆட்களைப் பற்றி வெளியில் மூச்சுவிடக் கூடாது என்பது அவளுடைய வேலைச் சட்டம். தெரிந்தவள் வாய் திறக்கக் கூடாது, வாய் திறக்கிறவருக்குத் தெரியாது. அந்த வீட்டின் முப்பது வருடக் கதை இவ்வளவுதான்.

"ஒரு கோல் எடுத்திட்டு வாறன்," என்று தொலைபேசியோடு மரத்தடிக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பினாள். "அவவிட்டைக் கேட்டனான். சொல்லலாமாம். நாளைக்கு மூண்டு மணிக்குக் கோப்பிக்கு வரட்டாம்."

"ஆர் அவ?"

"இங்கர் லாரிட்சன். தொண்ணூற்றொரு வயசு. இவற்ற தாத்தாவும் அவவின்ர அப்பாவும் அண்ணன் தம்பியாம்."

ஞாயிறு மூன்று மணிக்கு வெள்ளைத் தேவாலயத்துக்குப் பக்கத்துச் செங்கல் வீட்டில் நாலு பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். இங்கருக்கு ஆங்கிலம் தெரியாது. கோர்டனுக்கு டேனிஷ் தெரியாது. அருமைநாயகிக்கு இங்கரின் யூட்லாந்து டேனிஷ் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம்தான் ஓடாது. பாலேந்திராவின் டேனிஷ் தொழிற்சாலைக்குள் மட்டும் செல்லுபடியாகும். ஆகவே இங்கர் டேனிஷில் சொல்ல, அருமைநாயகி அதைத் தமிழில் சொல்ல, பாலேந்திரா அதை ஆங்கிலத்தில் கோர்டனிடம் ஒப்படைக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் கருத்துச் சொன்ன மனிதருக்கு இப்போது மற்றவர் கருத்தைச் சுமக்கிற வேலை!

தொடக்கத்தில் சரிவரவில்லை. ஊரில் முன்பு பால்பண்ணை இருந்தது, வெண்ணெய் செய்தார்கள், இளம் ஆட்கள் நகரத்துக்குப் போனதும் மூடிவிட்டார்கள் என்றாள் இங்கர். கோர்டனிடம் அது நாலு மடங்காகப் போய்ச் சேர்ந்தது.

"அவ போடரைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் அருமைநாயகி. எல்லையைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல் அவளுக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் தினமும் கேட்பது.

"உள்ளர்த்தம் அதுதானப்பா."

"அவ கதைச்சது வெண்ணெயைப் பற்றி. வெண்ணெயை மட்டும் சொல்லுங்கோ."

வெண்ணெயை மட்டும் சொன்னார்.

சமையலறைக் கதவுக்கு வெளியே ஒரு கல்லறைக் கல் நின்றது. இந்த நாட்டில் கல்லறைக்குக் காலக்கெடு உண்டு. நீடிக்க ஆளில்லாவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். கோர்டனின் தாத்தாவைப் பெற்ற பூட்டியுடைய கல்லை எடுத்த நாளில், எறிய மனமில்லாமல் இங்கரின் அப்பா தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கோர்டன் குனிந்து எழுத்துகளை விரலால் தடவினார். "காலையில் பாட்டிக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கோப்பி போடுவேன்," என்றாள் இங்கர்.

திரும்பி மேசையில் இருந்ததும் இங்கர் மெதுவாக ஒன்று சொன்னாள். அருமைநாயகி கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அமெரிக்காவில இருந்து கடைசிக் கடிதம் எழுபத்திரண்டில வந்ததாம். அவ பதில் போட்டவவாம். பேந்து ஒண்டும் வரேல்லையாம். அதில தான் ஏதும் பிழையா எழுதிப்போட்டனோ எண்டு இவ்வளவு வருசமும் யோசிச்சுக்கொண்டிருக்கிறாவாம்."

பாலேந்திரா கோர்டனைப் பார்த்தார். சொன்னார். சொல்லுக்குச் சொல், கூட்டாமல் குறைக்காமல். முடித்ததும் வாயை மூடினார்.

கோர்டன் கைப்பையைத் திறந்து ஒரு பழைய உறையை எடுத்தார். "அந்தக் கடிதம் வந்த வாரம் அப்பா இறந்துபோனார். எங்களில் ஒருவருக்கும் டேனிஷ் வாசிக்கத் தெரியாது. பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தோம்."

இங்கர் மூக்குக்கண்ணாடி போட்டுத் தன் கையெழுத்தைத் தானே வாசித்தாள். உருளைக்கிழங்கு விளைச்சல் நல்லது. சிவப்பு மாடு கன்று போட்டது. மழை விடவில்லை. எப்போது வருகிறீர்கள்?

"ஒரு பிழையும் இல்லை," என்றார் பாலேந்திரா, ஆங்கிலத்தில் ஒரு தடவை, டேனிஷில் ஒரு தடவை. அது மட்டும் அவருடைய சொந்தக் கருத்து. அருமைநாயகி அதைத் திருத்தவில்லை. கோர்டன் சிரித்தார், பிறகு கைக்குட்டையைத் தேடினார். இங்கர் எல்லோருக்கும் இன்னொரு துண்டுக் கேக் வெட்டினாள்.

திரும்பி வரும்போது சுற்றுவட்டத்தில் பாலேந்திரா காரை மெதுவாக்கினார். "நாயகி, இருபத்துநாலு வருசம் இதால போய் வாறன். நான் இந்தக் கோயிலைக் காணேல்லை."

"காதில வயரை மாட்டிக்கொண்டு போனா எப்பிடிக் காணுறது?"

அதன்பிறகு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? திருந்துவதற்கு அவர் என்ன உங்களையும் என்னையும் போல் சாதாரண ஆளா? காலைப் பதிவு இன்றும் பதினேழு நிமிடம்தான். ஒன்று மட்டும் புதிது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் இங்கர் வீட்டுக்குப் போகிறார்கள். இங்கர் சொல்ல, அருமைநாயகி தமிழாக்க, பாலேந்திரா ஆங்கிலத்தில் தட்டி கோர்டனுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் தட்டுகிறார். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன், மனைவி கோப்பிக்கு எழும்பும் நேரம் பார்த்து, கடைசியில் ஒரேயொரு வரி சேர்க்கிறார். போன வாரம் கோர்டனிடமிருந்து பதில் வந்தது: "அன்புள்ள இங்கர், உங்கள் வீட்டு ரோசா பூத்தது மகிழ்ச்சி. ஆனால் செனற் பற்றிய உங்கள் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. என் மனைவி இருந்திருந்தால் உங்களோடு நன்றாகச் சண்டை பிடித்திருப்பாள். அடுத்த தேர்தலுக்கு நான் போகத்தான் வேண்டும் போலிருக்கிறது, உங்களை வெட்டுவதற்காகவாவது."

அருமைநாயகி இதைத் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். செனற் என்ற இடம் வந்ததும் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இங்கரிடம் திரும்பி, ரோசாவைப் பற்றி மட்டும் சொன்னாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வாசித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனதில் ஒரு ஆளின் முகம் வந்திருக்கும். "இது அவனுக்கென்றே எழுதினது" என்று அனுப்பிவைக்கக் கையும் துறுதுறுக்கும். அனுப்புங்கள், தடையில்லை. ஆனால் அவரும் இதை ஏற்கனவே வாசித்துவிட்டார். வாசிக்கும்போது அவர் மனதில் வந்த முகம் யாருடையது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.