ஒன்பதாவது விஷயமும் ஒரே ஒரு மணியும்

நகரசபை வாசகசாலை,
கொள்ளிடக்கரை (ஸ்ரீரங்கம் வழி),
12-7-58.

பெரியப்பா அவர்களுக்கு ரெங்கம்மாள் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் அத்தையும் அத்தையின் ஆடும் சுகம். அங்கே தாங்களும் பெரியம்மாவும் சந்தையில் புதிதாகப் பிடித்த காளைகளும் சுகமாயிருக்க ரெங்கநாதர் துணை. மணப்பாறையிலிருந்து கொடுத்தனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. கண்டக்டர் அதன்மேல் உட்கார்ந்து வந்தபடியால் கரண்டியால் சாப்பிட்டோம்.

"மாப்பிள்ளை அழகிரியின் வேலை நிரந்தரம் ஆனால் ஆவணியில் கல்யாணம். இல்லாவிட்டால் மண்ணச்சநல்லூர்ச் சம்பந்திகளை வேறு பெண் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். ஆகிவிட்டது, பெரியப்பா. அவரைப் பற்றி எனக்குத் தனியாக அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. வாங்கிப்போன புத்தகத்தை அட்டை துடைத்துத் திருப்பித் தருகிறவர், இந்த ஊரில் அவர் ஒருவர்தான் என்பதைத் தவிர.

ஆனது எப்படி என்று தெரிய வேண்டுமானால் இங்கத்திய நடைமுறையைச் சொல்ல வேண்டும். எங்கள் நகரசபைத் தீயணைப்புப் படைக்கு ஆறு பேர் வேண்டும், இருப்பவர் இருவர். தற்காலிகமாக அழகிரி, நிரந்தரமாக முழங்கால் வலியோடு வீரமலை. மற்ற நாலு பேரை எடுக்கும் தீர்மானம் கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப் போகிறது. ஆபீஸிலும் ஆள் குறைவு என்பதால், கூட்டத்தன்று மெம்பர்களுக்குக் காபி போட்டுக் கொடுப்பதும் இந்த இருவரே. மணியும் ஒன்றுதான், வாசலில் தொங்கும் தீ மணி. மெம்பர்கள் வெற்றிலைக் கடையில் நின்றுவிடுவதால், கூட்டம் செல்லுபடியாக வேண்டிய தலைகள் சேரும்வரை அதையே அடிப்பது வழக்கம். இந்த ஊரில் தீ குறைவு, கூட்டம் அதிகம். ஆகவே மணி அடித்தால் யாரும் குடத்தைத் தேடுவதில்லை. மெம்பர்கள் சபைக்கு ஓடுவார்கள், அழகிரியும் வீரமலையும் காபித் தட்டைத் தூக்குவார்கள்.

சபைக்கும் வாசகசாலைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதில் ஒரு பலகை விலகியிருக்கிறது. நானாகப் பார்ப்பதில்லை, அலமாரி துடைக்கும்போது கண்ணில் படும். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அழகிரியின் நிரந்தரம் ஒன்பதாவது விஷயம் என்பதால் அன்று அலமாரியை வெகுநேரம் துடைத்தேன். மணி அடித்தார்கள், மெம்பர்கள் வந்தார்கள், முதல் விஷயங்கள் மளமளவென்று முடிந்தன (மூன்றாவது வாசகசாலை சம்பந்தமானது, தங்களுக்கு முக்கியமில்லை). எட்டாவதில் ராசப்பன் என்ற மெம்பர் எழுந்து, "தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்னை!" என்று சாக்கடைப் பாலத்தைப் பற்றி ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தால் சபை மெல்ல மெல்ல வெற்றிலைக் கடைக்கு இடம் மாறிவிடும். மாறியது. தலை குறைந்தது. ஒன்பதாவது போயிற்று என்று துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தேன். அந்தச் சமயத்தில்தான் வெளியே மணி கணகணவென்று அடித்தது. மெம்பர்கள் எல்லாரும் விழுந்தடித்து உள்ளே வந்தார்கள், பின்னாலேயே அழகிரி தட்டோடு. சேர்மனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னிக்கு ஒரு சீட்டுகூடக் காலி இல்லீங்களே! யாருய்யா மணி அடிச்சது?"

"நான்தாங்க" என்று இட்லிக்காரக் காளியாயி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "சந்தைக்குப் பின்னால வைக்கப்போரு எரியுதுங்க! இங்க என்னடான்னா காபி குடிக்கிறீங்க!"

"தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்னை" என்றார் ராசப்பன். "பார்வையாளர் சபையில பேசக்கூடாது. அஜெண்டாவுல தீ இல்லை. எதுவா இருந்தாலும் மூணு நாள் முன்னால எழுதிக் கொடுக்கணும்."

"அம்மா, உட்காருங்க" என்றார் சேர்மன்.

"நான் உட்காருவேங்க. அது உட்காராதுங்களே!"

"யாரு போரும்மா அது?"

"இதோ நின்னு சட்டம் பேசுறாரே, அவரு போருதாங்க."

ராசப்பன் மேஜையைத் தாண்டிவிட்டார். "அவசரத் தீர்மானம்! உடனே பம்பு வண்டி போகணும்! யாராச்சும் ஆமோதிங்கய்யா!"

மெம்பர்கள் காபியை ஆற்றினார்கள். பத்து வருஷமாக அவர் யாரையும் ஆமோதித்ததில்லை. "ஆமோதிக்க ஆளில்லைன்னா தீர்மானம் விழுந்துடுமே, ராசப்பன்" என்றார் சேர்மன் வருத்தமாக. அதற்குள் அழகிரி, "ஐயா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று தட்டை சேர்மன் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார், பெரியப்பா. நான் அலமாரிமேல் சாய்ந்துகொண்டேன்.

பிறகு நானும் ஒரு குடத்தோடு போனேன். பம்புக் கம்பியை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்த ஆள் வேண்டுமே, வீரமலைக்கு முழங்கால். ஆகவே மெம்பர்களே அழுத்தினார்கள். அழகிரி போர்மேல் ஏறி நின்று தண்ணீர் அடிக்க, கீழே ராசப்பன் அழுத்திக்கொண்டே அழுதார். "தம்பியை இன்னிக்கே நிரந்தரம் பண்ணுங்கய்யா! கூட்டம் இங்கேயே நடக்கட்டும்!" "நடக்குது" என்றார் காபித் தட்டோடு வந்து நின்ற சேர்மன். "ஆமோதிக்கிறேன்" என்று ஒருவர் அழுத்த, "ஆதரிக்கிறேன்" என்று எதிர்ப்பக்கம் அழுத்த, பாதிப் போரும் ஒன்பதாவது விஷயமும் தப்பின. ஏகமனதாக!

ஆகையால் ஆவணியில் நல்ல முகூர்த்தம் பார்க்கக் கோருகிறேன். உறையூர்ப் புடவை போதும், பட்டு வேண்டாம். பெரியம்மாவுக்கு என் வணக்கம், தம்பிகளுக்கு அன்பு, காளைகளுக்கு என் சார்பில் ஒரு பிடி புல்.

தங்கள் அன்பு மகள்,
ரெங்கம்மாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், டைப்பிஸ்ட் டோரதி நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்து ஒரு சேதி சொன்னாள். தீர்மானம் செல்லாதாம். விதிப்படி கை தூக்க வேண்டுமாம். அன்று மெம்பர்கள் கையெல்லாம் பம்புக் கம்பியில், சேர்மன் கையில் காபித் தட்டு, ஆதரவு பூஜ்யம். ஆட்சேபம் கிளப்பியவர் ராசப்பன்தான், மிச்ச வைக்கோல் நனைந்துவிட்டதாம். மறுபடி கூட்டம் போட இன்று காலை மணி அடித்தார்கள். ஊரே குடத்தோடு சந்தைக்கு ஓடிவிட்டது, மெம்பர்கள்தான் எல்லாருக்கும் முன்னால். சபையில் சேர்மன் மட்டும் காபிக்குக் காத்திருந்தாராம். ஒன்பதாவது விஷயம் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைப்பு. மூன்றாவது மட்டும் செல்லும். அப்போது காபி வரவில்லை, எல்லார் கையும் காலியாயிருந்தது. வாசகசாலைக்காரியை, அதாவது என்னை, நிரந்தரமாக்குவது அது. ஆகவே ஆவணியை மாற்ற வேண்டாம். மண்ணச்சநல்லூரில் யாராவது கேட்டால், பெண்ணுக்கு நிரந்தர வேலை, மாப்பிள்ளை காபி நன்றாகப் போடுவார் என்று சொல்லிவிடுங்கள்.