மாமியைப் பரணில் ஏற்றிய மழை

எனக்குப் புத்தி கொஞ்சம் அதிகம் என்று நானே நம்பிக்கொண்டிருந்த வயது ஒன்று உண்டு. அந்த வயதில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கவே கூடாது.

எழுபதுகளின் நடுவில், புனேக்கு அருகே தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் குடித்தனம். கணவர் ராணுவக் கிடங்கில் குமாஸ்தா, நான் பள்ளிக்கூட டீச்சர். வெள்ளம் வந்தால் வீட்டில் என்ன செய்வது என்று டீச்சர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். குடிதண்ணீர் பிடித்து வை, சாமான்களை உயரத்தில் ஏற்று, வயதானவர்களை முதலில் காப்பாற்று. (முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியது நான்தான்.)

அந்த மழைக்காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து மாமியார் வந்தார். சும்மா வரவில்லை. வேலைக்குப் போகிற மருமகளுக்கு வீடு நடத்தத் தெரிகிறதா என்று பார்க்க வந்தார். தெரியவில்லையென்றால், நான் வேலையை விட்டுவிட்டு அவரோடு ஊருக்குக் கிளம்ப வேண்டும். மகனுக்கு மாற்றல் கிடைக்கும்வரை அங்கேதான் வாசம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தெருவில் யாரோ “தரண் ஃபுட்லா! பளா, பளா!” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அணை உடைந்துவிட்டது, ஓடுங்கள் என்று அர்த்தம். புனே பக்கம் மழை வலுத்தால் இந்த வதந்தியும் கூடவே வரும். அது எனக்குத் தெரியும். எங்கள் குவார்ட்டர்ஸ் மேட்டில் இருப்பதும் தெரியும். (தெரிந்து என்ன பிரயோஜனம்?)

அடுக்களை டிரம்மில் தண்ணீர் நிரம்பட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டேன். மேஜைமேல் டிரங்குப்பெட்டி, அதன்மேல் ஸ்டூல்.

“மாமி, பரண்ல ஏறுங்க!”

“என்னட்டி சொல்லுத? முட்டுவலிக்காரி எப்பிடி ஏறுவேன்?”

“வயசானவங்கதான் மொதல்ல!”

“யாருட்டி வயசானவ?”

எப்படி ஏற்றினேன் என்று இன்றுவரை தெரியாது. ஏற்றிய வேகத்தில் ஸ்டூல் சரிந்து கால் முறிந்தது. (ஸ்டூலின் கால்.) திரும்பிப் பார்த்தால், அடுக்களையிலிருந்து கூடத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

“வந்துட்டு மாமி! வெள்ளம் வந்துட்டு!”

மேலேயிருந்து மாமி சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார். முதலில் மகனுக்காக, பிறகு ஊரிலிருக்கும் பசுமாட்டுக்காக. என் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் குல்கர்ணி காகூ குடையோடு வந்தார். நேரே அடுக்களைக்குப் போய்க் குழாயை மூடினார். வெள்ளம் நின்றுவிட்டது.

மாமி இறங்க மறுத்துவிட்டார். “நீ பிடிக்காத. எம்பிள்ள வரட்டும்.” காகூ பொரித்துக் கொண்டுவந்த வெங்காய பஜ்ஜியைத் தூக்குவாளியில் போட்டு, ஒட்டடைக்கம்பில் மாட்டி மேலே அனுப்பினோம். வாளி காலியாகத் திரும்பி வந்தது.

சாயங்காலம் கணவர் ஏணி இரவல் வாங்கி அம்மாவை இறக்கினார். பிறகு பயந்துகொண்டே கேட்டார்: “அம்மா, இவள ஊருக்குக் கூட்டிட்டுப் போறியளா?”

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நான் துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

மாமி தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டினார். “இவளயா? நம்மூர்ல மழ பெஞ்சா என்னயப் பனமரத்துல ஏத்திருவா. ஒங்கூடயே இருக்கட்டும்.”

அப்படித்தான் என் வேலை பிழைத்தது. எங்கள் குடும்பத்தில் இன்றும் பெண் பார்க்கப் போனால், சமைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. “பொண்ணு டீச்சரா?” என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள்.