பொய் மிஷினும் ஜமீலா மாமியின் பிஸ்கட் டின்னும்

எனக்கு எதிலும் பாதிதான் தெரியும். ஒன்றுமே தெரியாதவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பாதி தெரிந்தவன்தான் "விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்பான். நான் அப்படிச் சொன்னது மட்டாஞ்சேரியில், காதர் மாமாவின் எம்ப்ராய்டரி கடையில்.

மாமாவின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டிருந்தது. அதற்கு முன்பே பூ டிசைன்களைப் புதியதற்கு மாற்றியாயிற்று. ஆனால் அவற்றைத் திறக்கும் சாஃப்ட்வேர், பழைய விண்டோஸில்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தது. எதிர்க்கரை வைப்பினிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் துப்பட்டா வேறு வந்து காத்திருந்தது. அக்கா கல்யாணத்துக்குப் போட்ட அதே பூ வேண்டும், கொஞ்சம் பெரிதாக. நிக்காஹ் வெள்ளிக்கிழமை. அன்று புதன்.

கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதில் பழைய விண்டோஸைப் போடலாம் என்று மாமாவுக்கு வகுப்பெடுத்தேன். ஒரு முழு சிடியையும் ஒரே கோப்பாக்கிய ஐ.எஸ்.ஓ. என்னிடம் இருந்தது. அதைக் காட்டினால் பொய்க் கம்ப்யூட்டர் சிடி போட்டதாகவே நம்பிவிடும். போதாததற்கு, அதே கோப்பை வைத்து நிஜக் கம்ப்யூட்டரையும் துவக்கக்கூடிய பென்டிரைவ் ஒன்றும் தயாரித்திருந்தேன் (முன்யோசனையாம்!). அது கடைக் கம்ப்யூட்டரின் முதுகில் குத்தியபடியே இருந்தது.

பொய்க் கம்ப்யூட்டரைத் திரை முழுக்க விரித்து வேலையைத் தொடங்கினேன். மழை பிடித்தது, கரண்ட் போனது, சாயா குடித்தோம். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழுந்து, விண்டோஸ் ஏற்றும் அதே நீலத் திரையைக் காட்டியது. விட்ட இடத்துக்கே வந்துவிட்டதே என்று எனக்கு ஏகப் பெருமை. (பென்டிரைவிலிருந்து எழுந்திருப்பது நிஜக் கம்ப்யூட்டர் என்பது மண்டையில் ஏறவே இல்லை.)

டிஸ்க்கை முழுதாக அழிக்கட்டுமா என்று கேட்டது. மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எடா, அழிக்கட்டான்னுல்ல கேக்குது?"

"பயப்படாதீங்க மாமா, இது பொய் மிஷின். எதை அழிச்சாலும் நமக்கு ஒண்ணும் ஆகாது."

திரையைக்கூடப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 'யெஸ்' அழுத்தினேன்.

பழைய விண்டோஸ் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. அதைச் சுருக்கிவிட்டு வெளியே வரப் பார்த்தேன். வெளியே என்று ஒன்று இருந்தால்தானே வருவதற்கு! பென்டிரைவ் கண்ணில் பட்டபோதுதான் எல்லாம் புரிந்தது. மாமா பதினைந்து வருடமாகச் சேர்த்த பூவும் கொடியும் போயே போச்சு. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வைப்பின் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். எனக்கு எங்காவது படகேறி ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது ஜமீலா மாமி ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மாமாவின் தையல் மிஷின் டிசைனை ஃபிளாப்பியிலிருந்துதான் படிக்கும். ஒவ்வொரு கல்யாண வேலை முடிந்ததும் அந்த ஃபிளாப்பியை அதே துணியின் வெட்டுத்துண்டில் சுற்றி டின்னில் போட்டுவைப்பது மாமியின் வழக்கம். தங்கை கல்யாணத்துக்கு எப்படியும் வந்து கேட்பார்களாம். அந்த டின்னை, பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்காரரிடம் எடைக்குப் போடச் சொல்லி முந்தின மாதம் உபதேசித்த மகான் நான்தான்.

"ஆக்ரிக்காரன் வந்தான். நீ சொன்னியேன்னுதான் நான் குடுக்கல" என்றார் மாமி.

அக்கா துப்பட்டாவின் ரோஸ் துணியைப் பிரித்து ஃபிளாப்பியை மிஷினில் செருகினோம். கரகரவென்று கொஞ்ச நேரம் முனகிவிட்டு, முதல் இதழைத் தைக்க ஆரம்பித்தது. அல்ஹம்துலில்லாஹ்! அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. பூ பெரிதாகவில்லை, பழைய அளவுதான். அக்காவுடையதை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று பெண்ணுக்கு ஒரே சந்தோஷமாம். மற்ற பூக்களையும் ஒவ்வொரு ஃபிளாப்பியாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மாதம் ஆனது. ஏற்றியது யார் என்று கேட்காதீர்கள்.

போன வருடம் என் நிக்காஹ். சம்மதமா என்று ஹஜ்ரத் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து காதர் மாமாவின் குரல் வந்தது.

"மோனே, நல்லாப் பாத்துட்டு யெஸ் சொல்லு. இது நெச மிஷின்."

ஹஜ்ரத் சிரித்து முடிக்கும்வரை என் கல்யாணம் நின்றது.